பன்னிரண்டு முட்டை ஓடுகள்

"தொழுவத்துல இருக்கறது என் தம்பி இல்ல, மிஸ் லில்வால். மனுஷப் பிறவியே இல்ல."

பால் திரிந்துபோய்விட்டது என்று சொல்வதுபோல, குரலை உயர்த்தாமல் சொன்னாள் ஹெஸ்டர் ப்ரோபர்ட். முப்பத்தொன்பது வயது. ஐந்து வருடம் ஒற்றை ஆளாகப் பண்ணையை மேய்த்ததில் தோள்கள் அகன்று இறுகியிருந்தன. கண்கள் மட்டும் யார் பேசினாலும் அவர்களைத் தாண்டிப் பின்னால் எதையோ தேடின.

மிஸ் லில்வால் கையுறைகளைக் கழற்றி மடியில் வைத்தாள். ஹியர்ஃபோர்ட் நீதிமன்றத்தில் இருபது வருடம் சுருக்கெழுத்து எழுதியவள். பொய்களை எழுதி எழுதிக் கை வலித்து, எழுதுவதைவிடப் பிடிப்பது சுலபம் என்று துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டாள். அவளுடைய உதவியாளன் பிம் லண்டன்காரன். ஜெர்மன் சண்டைக்கு முன்னால் நாடகக் கொட்டகைக் கோமாளி. இடது கையின் இரண்டு விரல்களை பிரான்சிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். நாக்கு முழுசாகத் திரும்பியிருந்தது.

"மனுஷன் இல்லன்னா வேற என்னம்மா?" என்றான் பிம். "வக்கீலா?"

ஹெஸ்டர் சிரிக்கவில்லை. "மாத்துப் புள்ள."

வெளியே நவம்பர் வானம் ஓட்டுக்கூரை மேல் இறங்கி உட்கார்ந்திருந்தது. காலை பத்து மணிக்கே சமையலறையில் விளக்கு வேண்டியிருந்தது. ஜன்னல் விளிம்பில் ஒரு கிண்ணம் நிறையப் பால் ஆடை கட்டிக் கிடந்தது.

"மலைக்கு அடியில சின்ன ஜனம் இருக்காங்க," என்றாள் ஹெஸ்டர். "நல்ல ஆளத் தூக்கிட்டுப் போயி, அதே சாயல்ல அவங்க ஆள் ஒண்ண விட்டுட்டுப் போவாங்க. அதுதான் மாத்துப் புள்ள. தொட்டில்ல கிடக்கற குழந்தையத்தான் எடுப்பாங்கன்னு சொல்லுவாங்க. பிரான்சுல பள்ளம் பள்ளமா வெட்டி ஆம்பளைங்கள வரிசையாப் படுக்க வச்சாங்களே, மிஸ்டர் பிம்? அங்க வந்து எடுக்கறதுக்கு அவங்களுக்கு என்ன கஷ்டம்?"

பிம் தன் இடது கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

நடந்தது இதுதான். ஹெஸ்டரின் தம்பி ஈனாக் ப்ரோபர்ட் 1915இல் சண்டைக்குப் போனான். 1917இல் காணவில்லை என்று தந்தி வந்தது. நாலு மாதத்துக்கு முன்னால், சண்டை ஓய்ந்து கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஆன பிறகு, ஒரு மருத்துவமனைக் காகிதத்தோடு ஒருவன் வாசலில் வந்து நின்றான். முகத்தில் பாதி வெந்திருந்தது. விஷப்புகை குடித்த தொண்டையிலிருந்து குரல் சருகுபோல வந்தது. "நான்தான் ஈனாக்," என்றான். அதற்கப்புறம் அதிகம் பேசவில்லை.

"பண்ணை யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டான் பிம். கேள்வி வழுக்கிக்கொண்டு வந்து நின்றது.

"அவன் பேர்ல. நீங்க நெனைக்கறது புரியுது." ஹெஸ்டர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து மேஜை மேல் வைத்தாள். "அது என் தம்பிதான்னு நிரூபிங்க. இந்தச் சாவிய அவன் கையில குடுத்துட்டு, நான் இதே வீட்டுல வேலைக்காரியா இருந்துட்டுப் போறேன்."

"இல்லன்னு நிரூபிச்சா?" என்றாள் மிஸ் லில்வால்.

"பன்னிரண்டு மணிக்கு பெங்கோ வராரு. ஊர்க் கொல்லர். கூட நாலு பேர். ஈர வைக்கோலக் கொளுத்திப் புகை போட்டு, ஆத்துக்கு அந்தப் பக்கம் துரத்தி விட்டுடுவாங்க." அவள் கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. "அதுக்கு முன்னாடி வெளியாள் ஒருத்தர் பாத்து, ஆமா இது மனுஷன் இல்லன்னு எனக்குச் சொல்லணும். போலீஸ்ல சிரிச்சாங்க. நீங்க சிரிக்க மாட்டீங்கன்னு சொன்னாங்க."

"நான் சிரிக்கறதே இல்ல. அதுக்குத்தான் இவர வச்சிருக்கேன்," என்று பிம்மைக் காட்டினாள் மிஸ் லில்வால். "எத வச்சு அவர் உங்க தம்பி இல்லன்னு சொல்றீங்க?"

ஹெஸ்டர் மூன்று விஷயம் சொன்னாள். ஒன்று, அந்த ஆள் பின்வாசலுக்கு வந்ததும் ஒரு மூச்சு நேரம் நின்றுவிட்டுத்தான் உள்ளே நுழைகிறான். நிலைக்கு மேலே லாடம் அடித்திருக்கிறது, மாத்துப் புள்ளைக்கு இரும்பு ஆகாது. இரண்டு, அடுப்படியில் சாய்த்திருக்கும், சாம்பல் வாரும் இரும்பு வாரியை அவன் தொட்டதே இல்லை. மூன்று, வேலை இல்லாத நேரமெல்லாம் பேரிக்காய்த் தோப்பில், வட்டமாகக் காளான் முளைக்கிற இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறான்.

"காளான் வட்டம் அவங்க வாசப்படி," என்றாள் ஹெஸ்டர். "வீட்டு ஞாபகம் வருது போல."

பிம் ஜன்னலோரக் கிண்ணத்தைப் பார்த்தான். "பூனைக்கா அம்மா?"

"பூனைக்கு இல்ல," என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போய்விட்டாள்.

*

களத்தில் பிம்மின் மோட்டார் சைக்கிள் சேற்றில் புதைந்து நின்றது. சங்கிலி கழன்று தொங்கியது. பிம் அதைத் திட்டிக்கொண்டே குனிந்தபோது, தொழுவத்திலிருந்து அந்த ஆள் வெளியே வந்தான். முப்பத்தைந்து வயது. முகத்தின் வெந்த பக்கத்தை அவன் மறைக்கவும் இல்லை, காட்டவும் இல்லை.

"குடுங்க," என்றான், சருகுக் குரலில்.

"அண்ணே, பாத்து. சுத்த இரும்பு அது," என்று திருகுச்சாவியை நீட்டினான் பிம்.

அந்த ஆள் அதை வாங்கிச் சங்கிலியைப் பல்சக்கரத்தில் மாட்டினான். முடித்துவிட்டு, சுவரில் சாய்ந்திருந்த, வைக்கோல் அள்ளும் இரும்புக் கவர்க்கோலை எடுத்து, சக்கரத்தைச் சுற்றியிருந்த சேற்றைக் குத்தித் தள்ளினான். அப்புறம் இரும்பு வாளியில் தண்ணீர் இறைத்துக் கை கழுவினான். மிஸ் லில்வால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தாள்.

"உங்க அக்கா உங்களப் பத்தி என்ன சொல்றாங்கன்னு தெரியுமா மிஸ்டர் ப்ரோபர்ட்?"

"தெரியும்."

"நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் கையைச் சட்டையில் துடைத்தான். அது காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தான். "அவ சொன்னா சொல்லிட்டுப் போகட்டும்."

"பன்னிரண்டு மணிக்குப் புகை போட வராங்களாம்."

"பெங்கோ சொன்னாரு. நல்ல மனுஷன், முன்கூட்டியே வந்து சொன்னாரு." தொழுவத்துக்குள் ஒரு துணி மூட்டை கட்டித் தயாராக இருந்ததை அப்போதுதான் இருவரும் கவனித்தார்கள். "ஆத்துக்கு அந்தப் பக்கமும் குதிரைங்க இருக்கும். வேல குடுப்பாங்க."

அவன் தோப்புப் பக்கம் நடந்து போனான்.

"என்ன மிஸ் இது?" என்றான் பிம். "ஏமாத்துக்காரனா இருந்தா பைபிள் மேல அடிச்சுச் சத்தியம் பண்ணுவான். நெசத் தம்பியா இருந்தா அக்காவோட மல்லுக்கு நிப்பான். இந்த ஆள் மூட்டை கட்டறாரு. நான் வாடகை வீட்டக் காலி பண்ணினப்பகூட இவ்வளவு அமைதியாப் பண்ணினதில்ல."

"இரும்பத் தொடமாட்டார்னு சொன்னாங்களே, கவனிச்சியா?"

"கவனிச்சேன். திருகுச்சாவி, கவர்க்கோல், வாளி. அந்த மனுஷர் குதிர லாடத்தையே சூப் வச்சுக் குடிப்பாரு போல."

"சின்ன ஜனம் இரும்புக்குப் பயந்தா எல்லா இரும்புக்கும் பயப்படணும். இவர் பயப்படறது ஒரே ஒரு இரும்புக்கு." மிஸ் லில்வால் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். "வா, அந்த வாரியப் பாப்போம்."

அது சாம்பல் அள்ளவும், ரொட்டியை அடுப்புக்குள் தள்ளவும் வைத்திருந்த பெரிய வாரி. நீளக் கைப்பிடி, தாம்பாளம் அகலத்துக்குத் தட்டு. பழசு. பிம் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தான். "கனமா இருக்கு. வேற ஒண்ணும் தெரியல."

மிஸ் லில்வால் பின்வாசலில் நின்றிருந்தாள். நிலைக்கு மேலே லாடம் துருப்பிடித்திருந்தது. நிலையின் பக்கவாட்டில் கனமான மழைக்கோட்டுகள் தொங்கின. அவள் அவற்றைக் கையால் ஒதுக்கினாள்.

கோட்டுகளுக்குப் பின்னால், மரத்தில், குழந்தைகளின் உயரக் கீறல்கள். ஹெஸ்டரின் முதல் எழுத்துக்கு மேலே ஏணிப்படிபோல எட்டுக் கீறல்கள் ஏறின. ஈனாக்கின் எழுத்துக்கு மேலே ஐந்து. பக்கத்தில் மூன்றாவதாக, ஜே என்று ஓர் எழுத்து, அதே கத்தியால், அதே கையால், அழகாகச் செதுக்கியிருந்தது.

அதற்கு மேலே ஒரு கீறல்கூட இல்லை.

"கைக்குழந்தையிலேயே செத்துப்போயிருக்கும்," என்றான் பிம், குரலைத் தாழ்த்தி.

"கைக்குழந்தைக்கு எழுத்துச் செதுக்க மாட்டாங்க. நிக்கற வயசு வந்ததும்தான் செதுக்குவாங்க. அப்பா கத்திய எடுத்து எழுத்தச் செதுக்கிட்டுக் காத்திருந்திருக்காரு." அவள் விரல் அந்த வெற்று மரத்தில் மேலே ஏறியது. "குழந்த நிக்கவே இல்ல."

பின்னால் தட்டு விழும் சத்தம் கேட்டது. ஹெஸ்டர் சமையலறைக் கதவருகில் நின்றிருந்தாள்.

"நீங்க எத்தன பேர் பிறந்தீங்க, ஹெஸ்டர்?" என்று சாதாரணமாகக் கேட்டாள் மிஸ் லில்வால்.

"ரெண்டு பேர்." பதில் கேள்வியின் காலை மிதித்துக்கொண்டு வந்தது. பிறகு அவள் உதட்டை நனைத்துக்கொண்டு, "ஒரே ஒரு சோதன இருக்கு மிஸ். அதப் பண்ணிட்டா சந்தேகமே இருக்காது. நீங்க சாட்சியா இருந்தாப் போதும்," என்றாள்.

"என்ன சோதன?"

"முட்டை ஓட்டுல பீர் காய்ச்சறது."

*

பதினொன்றே கால். கோழிக்கூண்டிலிருந்து பன்னிரண்டு முட்டைகளைத் தொப்பியில் ஏந்திக்கொண்டு வந்தான் பிம். ஒரு கோழி அவனுடைய மிச்சமிருந்த விரல்களில் ஒன்றைக் குறிபார்த்திருந்தது.

ஹெஸ்டர் ஒரு முட்டையை எடுத்துக் கத்தியின் முதுகால் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். தலை மட்டும் கழன்றது. உள்ளிருந்ததைச் சட்டியில் கவிழ்த்தாள். அடுத்தது. அடுத்தது. பன்னிரண்டு ஓட்டில் ஒன்றுகூட விரிசல் விடவில்லை. கனன்று கிடந்த அடுப்புச் சாம்பலின் விளிம்பில் அவற்றை வரிசையாகக் குத்தவைத்து, ஒவ்வொன்றிலும் தண்ணீரும் ஒரு சிட்டிகை முளைகட்டிய பார்லியும் போட்டாள்.

"அறுவடைக்காரங்க அத்தன பேருக்கும் பீர் காய்ச்சறதா பாவனை," என்றாள். அவள் கன்னங்களில் முதல் தடவையாக ரத்தம் ஏறியிருந்தது. "ஒரு முட்டை ஓட்டுல ஊருக்கே காய்ச்சறதப் பாத்தா மாத்துப் புள்ளையால அடக்க முடியாது. எத்தன நூறு வருஷம் வாழ்ந்தாலும் அது பாத்திராத கூத்து. சிரிச்சுடும். இல்ல, தன் வயசப் பேசிடும்."

அவள் கதவைத் திறந்து தோப்பைப் பார்த்துக் கூப்பிடப் போனாள். அந்த இடைவெளியில் மிஸ் லில்வால் பிம்மின் பக்கம் சாய்ந்தாள்.

"இந்த வீட்டுல இது முன்னாடியே நடந்திருக்கு. நிக்க முடியாத குழந்த. அத மாத்துப் புள்ளன்னு நெனச்சு அம்மாக்காரி ஏதோ பண்ணியிருக்கா. சின்னப் பிள்ளைங்க ரெண்டும் பாத்திருக்கு. உள்ள வர ஆள் ஏமாத்துக்காரன்னா, முட்டை ஓட்டப் பாத்து என்ன கூத்துன்னு கேப்பான். நெச ஈனாக்னா கேக்க மாட்டான்."

பிம் ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே தண்ணீர் கொதி கண்டு, ஓடுகள் மெல்ல ஆட ஆரம்பித்திருந்தன.

"மிஸ், நான் கொட்டகையில முட்டைய வச்சு வித்தை காட்டினவன். பன்னிரண்டுல நாலாவது உடையும். வேற ஒருத்தர் பண்றத வேடிக்க பாத்த கை இல்ல இது." அவன் குரலில் கேலி இல்லை. "பண்ணின கை."

மிஸ் லில்வால் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அதற்குள் பின்வாசலில் காலடி.

அந்த ஆள் வந்து நிலைக்கு அடியில் நின்றான். எப்போதும்போல ஒரு மூச்சு. வலது கை கதவின் விளிம்பைப் பிடித்திருந்தது. அவன் அடுப்பைப் பார்த்தான்.

அவன் சிரிக்கவில்லை. கேள்வி கேட்கவில்லை. ஓடுகளிலிருந்து அவன் பார்வை நேராக அடுப்புக்கு இடது பக்க மூலைக்குப் போயிற்று. அங்கே ஒன்றுமே இல்லை. தரையில் இரண்டு தேய்ந்த பள்ளங்கள் மட்டும், ஒரு தொட்டில் வருடக்கணக்கில் ஆடிய தடம்.

"யாருக்கு?" என்றான். "இந்தத் தடவ யாருக்குக்கா?"

ஹெஸ்டரின் கையிலிருந்த கரண்டி சாம்பலில் விழுந்தது.

அறை முழுவதும் அந்த ஒரு வார்த்தை நின்றது. 'இந்தத் தடவை.' அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் ஒருவன்தான்.

"உனக்குத்தான்," என்றாள் ஹெஸ்டர், கேட்கமுடியாத குரலில்.

ஈனாக் அடுப்பருகே வந்து தரையில் உட்கார்ந்தான். வெறும் விரலால் ஓடுகளை ஒவ்வொன்றாக நெருப்பிலிருந்து தள்ளி நகர்த்தினான். சுட்டிருக்கும். அவன் கையை எடுக்கவில்லை.

"மிஸ்டர் ப்ரோபர்ட்," என்றாள் மிஸ் லில்வால் மெதுவாக, "உங்க அம்மா அன்னிக்கு..."

"அம்மா அன்னிக்கு ஊர்லயே இல்ல." சொன்னது ஹெஸ்டர். சுவரில் முதுகை ஒட்டி நின்றிருந்தாள். "பெரியம்மாவுக்குப் பிரசவம்னு போயிருந்தாங்க. அப்பா ஆடு தேடிப் போயிருந்தாரு. மூணு நாளாப் பனி கொட்டி முழங்கால் உயரத்துக்குக் கிடந்துது. எனக்குப் பதினொண்ணு. இவனுக்கு ஏழு. ஜாபெஸுக்கு ரெண்டு முடிஞ்சுது. உக்கார மாட்டான். பேச மாட்டான். யாரையும் பாக்க மாட்டான். ஊர்ல எல்லாரும் சொன்னாங்க, உங்க வீட்ல இருக்கறது உங்களோடது இல்லன்னு. எனக்கு என் தம்பி திரும்ப வேணும் போல இருந்துது. அவ்வளவுதான். நெசத் தம்பி."

"அக்கா, போதும்."

"நான் முட்டை ஓடு வச்சேன். அவன் தொட்டில்ல கிடந்து பாத்துட்டே இருந்தான். ஓடெல்லாம் ஆட ஆரம்பிச்சுது." அவள் கண்கள் அந்த மூலையில் நிலைத்திருந்தன. "சிரிச்சான். ரெண்டு வருஷத்துல ஒரு தடவகூடச் சிரிக்காதவன், கை கால் உதறிச் சத்தமாச் சிரிச்சான். நீங்களே சொல்லுங்க மிஸ். சிரிச்சா மாத்துப் புள்ளதானே? அப்படித்தானே சொன்னாங்க?"

பிம் தன் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாரியில வச்சு வெளிய கொண்டுபோய்ப் பனியில வச்சிட்டா, அவங்க வந்து அவங்களோடத எடுத்துட்டு நம்மளோடதக் குடுத்துருவாங்க. எனக்கு ரெண்டு கையும் வேண்டியிருந்துது வாரியத் தூக்க. இவன்தான் கதவத் திறந்து பிடிச்சான்."

ஈனாக்கின் வலது கை, தரையில், விரல்களை மூடிக்கொண்டது.

"அப்புறம் கதவச் சாத்திட்டு ரெண்டு பேரும் இங்க உக்காந்திருந்தோம். பாக்கக் கூடாது. பாத்தா வர மாட்டாங்க. அப்பாதான் முதல்ல வந்தாரு. வெளிய ரொம்ப நேரம் நின்னாரு. உள்ள வந்து என்கிட்ட சொன்னாரு, அவங்க வந்து அவங்களோடத எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா, நம்மளோடத ஒரு நாள் குடுப்பாங்கன்னு. ஊர்ல ஜுரம்னு சொன்னாரு. அதுக்கப்புறம் அதப் பத்தி ஒரு வார்த்த பேசல, சாகற வரைக்கும்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "தினமும் பால் வைக்கறேன். அங்க அவனுக்கு என்ன குடுக்கறாங்களோ. இப்ப முப்பது வயசு இருக்கும்."

மிஸ் லில்வாலுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. நாலு மாதமாக இந்த மனிதன் ஏன் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளவில்லை? இவன் வெறும் மனிதன், சண்டையில் வெந்துபோன சாதாரண ஈனாக் என்று அக்கா நம்பிவிட்டால், மாத்துப் புள்ள என்று எதுவும் இல்லை என்றாகிவிடும். அப்புறம் அவள் வாரியில் தூக்கிக்கொண்டு போனது எது? அந்தக் கேள்வி அக்காவை நெருங்கக் கூடாது என்றுதான் அவன் மூட்டை கட்டியிருந்தான்.

"ஈனாக்," என்றாள் ஹெஸ்டர். முதல் தடவையாக அந்தப் பெயரால் கூப்பிட்டாள். அவன் முன்னால் மண்டியிட்டு, வெந்த கன்னத்தை விரலால் தொட்டாள். "நீதான். நீயேதான். அப்போ நீ... போன இடத்துல... ஜாபெஸப் பாத்தியா?"

ஒரு சின்னப் பொய் போதும். பிம் அதை அவனுக்கு எடுத்துக் கொடுக்கத் துடித்தான். ஈனாக்கின் உதடு அசைந்தது. சருகுக் குரல் வெளியே வரவில்லை.

"ஏன் அந்தக் காளான் வட்டத்துல போய் உக்கார்ற?" என்றாள் ஹெஸ்டர், திடீரென்று.

அவன் தலையைக் குனிந்தான்.

"அங்க என்ன இருக்கு ஈனாக்?"

"மண்ணு கல்லாட்டம் உறைஞ்சு கிடந்துதுக்கா," என்றான் கடைசியில். "அப்பாவால தோண்ட முடியல. கடப்பாரையப் பிடிச்சுக்க என்னக் கூப்பிட்டாரு. அக்காகிட்ட சொல்லாதடான்னு என் தலையில கை வச்சுச் சத்தியம் வாங்கினாரு."

ஹெஸ்டர் அழவில்லை. முழங்காலிலேயே இருந்தாள், கைகளை மடியில் விரித்துப் பார்த்தபடி. அடுப்போரம் ஆறிக்கொண்டிருந்த ஓடு ஒன்று சத்தத்தோடு விரிசல் விட்டது.

*

பன்னிரண்டு அடிக்கும் முன்பே கேட்டருகில் ஆட்கள் வந்துவிட்டார்கள். முன்னால் கொல்லர் பெங்கோ, தோள்மேல் ஈர வைக்கோல் கட்டு. பின்னால் நாலு பேர், கண்ணில் படாமல் நிற்கப் பார்க்கிறவர்கள்போலத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு.

மிஸ் லில்வால் வாசலை நோக்கி எழுந்தபோது, ஹெஸ்டர் அவளைத் தாண்டிப் போனாள். கோட்டுகூடப் போடவில்லை.

"வைக்கோலத் திருப்பி எடுத்துட்டுப் போங்க பெங்கோ. அவன் என் தம்பி ஈனாக்."

பெங்கோ கட்டை இறக்கி வைத்தார். "நேத்து வரைக்கும் நீதானேம்மா..."

"நேத்து வரைக்கும் தப்பாச் சொன்னேன்."

"அப்போ மாத்துப் புள்ள?"

"அப்படி ஒண்ணு கிடையாது." அவள் கேட்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். கட்டை விரல் நகம் வெளுத்துவிட்டது. "ஒருநாளும் இருந்ததே இல்ல. இந்த வீட்டுல பிறந்தது எல்லாமே எங்கம்மா பெத்ததுதான்."

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் நிம்மதியாகவே திரும்பி நடந்தான். பெங்கோ மட்டும் நகரவில்லை. அவருடைய ஒரே மகன் சைலஸ் ஈனாக்கோடு ஒரே பட்டாளத்தில் போனவன். அவனுக்கும் அதே தந்திதான் வந்திருந்தது. காணவில்லை என்று.

"அம்மாடி," என்றார் பெங்கோ. அந்தப் பெரிய உடம்பிலிருந்து சின்னக் குரல் வந்தது. "அப்போ எங்க சைலஸ... அவங்க எடுத்துட்டுப் போகலையா?"

ஹெஸ்டர் அவரைப் பார்த்தாள். கேட்டின் வழியாகக் கையை நீட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அவர் வைக்கோல் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு, வந்த வழியே போனார்.

*

மோட்டார் சைக்கிளின் பக்கப்பெட்டியில் ஏறப் போன மிஸ் லில்வாலிடம் பிம் கேட்டான், "அறிக்கையில என்ன எழுதறது மிஸ்?"

"ஈனாக் ப்ரோபர்ட்தான் ஈனாக் ப்ரோபர்ட். ஒரு வரி."

"மத்தது?"

"மத்தத எழுத நான் சுருக்கெழுத்து படிக்கல."

களத்தின் மறுபக்கம் தோப்புக்குப் போகும் வழியில் அக்காவும் தம்பியும் நின்றிருந்தார்கள். உள்ளே காலெடுத்து வைக்க ஹெஸ்டரால் முடியவில்லை. ஈனாக் தன் கோட்டைக் கழற்றி அவள் தோளில் போட்டான். காற்றோடு அவர்கள் பேச்சு வண்டி வரைக்கும் கேட்டது.

"நான் கதவச் சாத்தினேன்," என்றாள் ஹெஸ்டர். "காத்து வேற. எனக்கு ஒண்ணும் கேக்கல. நீ கதவோரமா உக்காந்திருந்த. உனக்குக் கேட்டிருக்கும்." அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். "அழுதானா ஈனாக்?"

"இல்லக்கா," என்றான் ஈனாக் உடனே. "அழவே இல்ல. தூங்கிட்டான்."

காலையிலிருந்து ஒவ்வொரு பதிலுக்கும் தொண்டையோடு போராடிய மனிதன், இந்த ஒன்றை மட்டும் தடுமாறாமல், நேராக அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

பிம் திரும்பி மிஸ் லில்வாலைப் பார்த்தான். இருபது வருடம் நீதிமன்றத்தில் இப்படிப்பட்ட பதில்களைக் கேட்டுப் பழகிய முகம். அது அசையவில்லை. அவள் கையுறைகளை ஒவ்வொரு விரலாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வண்டிய எடு பிம்," என்றாள். "இங்க நமக்கு வேல முடிஞ்சுது."